சிவப்புத் துணி கட்டாத வீடு

ஊசி போடுகிறவர்களை எங்கள் வீட்டுக்குள் வரவழைத்தது, கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் அண்ணன் பெலேத்தி வேட்டி போல இடுப்பில் கட்டும் சிவப்பு லவலவா. துவைத்துக் காயப்போட்டது நான். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அந்த வீட்டில் இடுப்பில் கட்டுகிறது, படுக்கையில் விரிக்கிறது எல்லாம் என் கைக்குத்தான் வந்தது.

அந்த வருடம் சமோவா முழுவதும் தட்டம்மை. பள்ளிக்கூடங்களை மூடியிருந்தார்கள். குழந்தைகளை தேவாலயத்துக்குக்கூடத் தூக்கி வர வேண்டாம் என்று போதகரே சொல்லிவிட்டார். டிசம்பரில் கடைகளையும் பஸ்களையும் நிறுத்திவிட்டு, ஊசி போடாத ஆள் இருக்கிற வீட்டின் முன்னால் சிவப்புத் துணி கட்டுங்கள், நர்ஸுகள் வீடு தேடி வருவார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் ஊர்ச் சாலை முழுக்கச் சிவப்பாக இருந்தது. சிலர் மேசை விரிப்பைக் கட்டினார்கள். சிலர் பழைய ரக்பி சட்டையைக் கட்டினார்கள். ஒரு வீட்டில் கிறிஸ்துமஸ் தோரணத்தையே எடுத்துத் தூணில் சுற்றியிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் எதுவும் கட்டவில்லை. எல்லோரும் போட்டுக்கொண்டாகிவிட்டது என்று அம்மா நினைத்திருந்தாள். அண்ணி லனுவோலா தன் அம்மா ஊருக்குப் போயிருந்தபோது அங்கேயே போட்டுக்கொண்டதாகச் சொல்லியிருந்தாள்.

வேன் எங்கள் வாசலில் நின்றது. முதலில் இறங்கியது மகளிர் குழுத் தலைவி சலோமே. பின்னால் நர்ஸ் மாலியா, அவருக்குப் பின்னால் ஐஸ் பெட்டியோடு டிரைவர்.

"ஃபுவாதினோ, உன் வீட்ல யாருக்குடி?" என்று அம்மாவிடம் கேட்டாள் சலோமே.

"யாருக்கும் இல்லையே. எல்லாரும் போட்டாச்சு."

"அப்புறம் எதுக்கு செவப்பு தொங்குது?"

அம்மா திரும்பிக் கொடியைப் பார்த்தாள். "அது எம் மவன் இடுப்புல கட்டுறது. வேணும்னா அவனுக்கு இன்னொண்ணு குத்திட்டுப் போங்க, சோம்பேறித்தனமாவது போகட்டும்."

டிரைவர் சிரித்தான். நர்ஸ் மாலியாவும் சிரித்தார். "வந்தது வந்துட்டோம். அட்டைங்கள எடு, பாத்துட்டே போயிடறேன்" என்று பாயில் உட்கார்ந்தார்.

அட்டைகளை அம்மா பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தாள். எல்லாம் இருந்தது, அண்ணியுடையதைத் தவிர. அண்ணி பின் தூணில் சாய்ந்து, மடியில் ரூத்தாவைப் படுக்கவைத்து விசிறிக்கொண்டிருந்தாள். ரூத்தா, அதே வீட்டில் இருக்கும் என் அக்கா எசெத்தாவின் நான்காவது குழந்தை. அம்மை ஊசி போடும் வயது அவளுக்கு இன்னும் வரவில்லை.

"உன் அட்டை எங்க கண்ணு?"

"அம்மா வீட்ல வச்சிட்டேன்."

"எந்த ஊரு?"

அண்ணி ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

"அங்க நான்தானே போட்டேன். உன்ன நான் பாக்கவே இல்லியே."

அண்ணியின் கையில் விசிறி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"சரி விடு. அதனால என்ன, இப்பப் போட்டுக்கலாம். பாப்பாவ அவங்க அம்மாகிட்ட குடு. கர்ப்பமா இருக்கியா?"

எல்லாப் பெண்களிடமும் இதைக் கேட்டார்கள். பெயர் என்ன என்று கேட்பதைப் போலத்தான். என்னிடமும் கேட்டார்கள்; எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை. அண்ணி, நர்ஸ் திறந்த ஐஸ் பெட்டியைப் பார்த்தாள். அப்புறம் ரூத்தாவைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள்.

அம்மாவின் கையிலிருந்து டப்பா மூடி விழுந்து, உருண்டு, படியில் இறங்கிப் போனது.

"அடிக் கள்ளி!" என்றாள் சலோமே. "மாமியார்கிட்டகூட சொல்லாம வச்சிருக்கா பாரு."

"அப்ப இந்த ஊசி போட முடியாது" என்று நர்ஸ் மாலியா பெட்டியை மூடினார். "புள்ள பொறந்ததும் போட்டுக்கலாம். அதுவரைக்கும் கூட்டம் இருக்கற எடத்துக்குப் போகாத. பஸ்ஸு, சந்தை, சாவு வீடு எதுவும் வேணாம். வீட்லயே இரு. கேக்குதா?"

அண்ணி தலையாட்டினாள். மூன்று வருடமாக அந்த வீட்டில் யாரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை, அம்மா அப்போது பார்த்த மாதிரி.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் குழு வீட்டில் பாய் முடைய எல்லாப் பெண்களும் உட்கார்ந்திருந்தோம். கடைக்காரி திரேசா போனை எடுத்து, ஆக்லாந்தில் இருக்கும் அவள் ஒன்றுவிட்ட தங்கை அனுப்பிய வீடியோவைப் போட்டாள். அதில் ஒரு பெண் அழுதுகொண்டே என்னவோ பேசினாள். பாதி யாருக்கும் புரியவில்லை. திரேசாதான் விளக்கிச் சொன்னாள்.

"இந்த ஊசி போட்டா கர்ப்பப்பை கருவாடு மாதிரி காஞ்சு போயிடுமாம்."

"எனக்கு ஏழு ஆச்சு. எனக்கு ரெண்டா போடச் சொல்லு" என்றாள் ஒருத்தி. பாயெல்லாம் அதிரும்படி சிரித்தார்கள்.

"சிரிங்கடி. நர்ஸம்மாவே சொல்றாங்க இல்ல, ஊசி போட்டுக்கிட்டா ஒரு மாசம் கர்ப்பம் ஆகாம பாத்துக்கணும்னு? எதுக்குச் சொல்றாங்க? உள்ள என்னவோ பண்ணுது, அதனாலதானே? ஒரு மாசம்னு அவங்க சொல்வாங்க. அதுக்கு மேல என்ன ஆகும்னு அவங்களுக்கு மட்டும் தெரியுமா?"

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. முந்தின வருடம் பெரிய தீவில் மருந்தைத் தப்பாகக் கலந்து ஊசி போட்டதில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனது எல்லோர் மனதிலும் இருந்தது. அண்ணி முடைந்துகொண்டிருந்த ஓலையில் ஒரு வரிசை தப்பிவிட்டது. அவள் அதைப் பிரித்து மறுபடி முடைந்தாள். மறுபடியும் தப்பியது.

மூன்று வருடமாக அவளுக்குக் குழந்தை இல்லை. அம்மா அதைப் பற்றி நேராக எதுவும் சொன்னதில்லை. ஆனால் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்யும்போது, இந்த வீட்டுக்கு இன்னும் வராதவர்களையும் ஆசீர்வதியும் என்று ஒவ்வொரு நாளும் சேர்த்துக்கொள்வாள். அந்த வரி வரும்போது அண்ணி கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொள்வாள். ரூத்தா பிறந்ததும் எசெத்தா அக்கா அவளைத் தூக்கி அண்ணியின் கையில் வைத்து, "இது உன்னோடது. பால் மட்டும்தான் என்னோடது. பால் மறந்ததும் உன்கிட்டயே தூங்கட்டும்" என்றாள். எங்கள் பக்கத்தில் அப்படிக் கொடுப்பது வழக்கம்தான். அண்ணி அன்றிலிருந்து குழந்தையைக் கீழே வைக்கவே இல்லை. ஆனாலும் வயிற்றில் ஒன்று வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. ஒன்று வந்தால் மற்றொன்றைத் திருப்பிக் கேட்பார்களோ என்றும் இருந்தது. இரண்டையும் என்னிடம்தான் சொன்னாள். நான் யாரிடமும் பேசமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

அன்று சாயங்கால ஜெபத்துக்கு மணி அடிப்பதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. திரேசா மீன் டின் கொடுத்தனுப்பினாள். போதகர் வீட்டிலிருந்து தேங்காய்ப்பால் சேர்த்துச் சுட்ட சேப்பங்கிழங்கு இலைப் பொட்டலம் வந்தது. அம்மா அண்ணியின் கையிலிருந்த தண்ணீர்க் குடத்தைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தாள். பெலேத்தி அண்ணன் தோட்டத்திலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டதும், மரத்தில் ஏறி இளநீர் பறித்துக்கொண்டே இருந்தான். ஒரு குலை முழுக்கப் பறித்துவிட்டான்.

"ஒரு ஆளுக்கு இத்தனையாடா?" என்றாள் அம்மா.

"ரெண்டு ஆளும்மா" என்றான்.

மறு வாரம் ஒரு நாள், வெயிலில் எல்லோரும் படுத்துத் தூங்கும் நேரத்தில் அண்ணி என்னைத் தொட்டு எழுப்பினாள். கையில் சுருட்டிய துணி இருந்தது. இரண்டு பேரும் ஊற்றுக் குளத்துக்குப் போனோம். நான் துணியைப் பிரித்தேன். தண்ணீரில் சிவப்பு கரைந்து போனது. யாரிடமும் சொல்லாதே என்று அவள் கேட்கவும் இல்லை. கல்லில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தாள்.

"அடுத்த மாசம் ஆயிட்டா போதும் லூபே" என்றாள். "அடுத்த மாசம் ஆயிட்டா, அப்ப சொன்னதும் பொய் இல்லன்னு ஆயிடும்."

"ஆயிடும் அண்ணி" என்றேன்.

அந்தத் துணிகளை நான் கொடியில் போடவில்லை. செம்பருத்திச் செடிக்குப் பின்னால் காயவைத்து எடுத்தேன்.

அதே வாரம் அண்ணியின் சித்தப்பா இறந்துபோனார். போகக் கூடாது என்று நர்ஸ் சொன்னது எல்லோருக்கும் நினைவிருந்தது. ஆனால் சித்தப்பா சாவுக்குப் போகாமல் இருப்பது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மாவே சாவு வீட்டு முறைக்கு நேர்த்தியான பாய் ஒன்றை எடுத்துக் கொடுத்து அனுப்பினாள். குழந்தைகளை மட்டும் கூட்டிப் போகவில்லை. அண்ணி போய் இரவு தங்கி, மறுநாள் வந்து, குளித்து உடை மாற்றிக்கொண்டுதான் ரூத்தாவைத் தூக்கினாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சளி என்றுதான் நினைத்தோம். கண் சிவந்திருந்தது. ரூத்தா அவள் மார்பிலேயே தூங்கினாள். அண்ணியின் காதுக்குப் பின்னால் சிவப்புப் புள்ளிகள் வந்த அன்றைக்குத்தான் எசெத்தா அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டாள். அண்ணி பாயில் படுத்து, முகத்தைத் தட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டு, "தூக்கிட்டுப் போங்க, தூக்கிட்டுப் போங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அக்கா தூக்கிக்கொண்டுபோய் வெகு நேரம் ஆன பிறகும் சொன்னாள்.

அண்ணிக்குக் காய்ச்சல் இறங்கியபோது ரூத்தாவுக்கு ஏறியது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்கு யாரோ சொல்லிக் கேட்டது போலத்தான் இருக்கிறது. ஆனால் நானும் கூடத்தான் இருந்தேன். வேனில் போனோம். மாவட்ட ஆஸ்பத்திரியில் இடம் இல்லை என்று நகரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே தாழ்வாரம் முழுவதும் பாய்கள். அக்கா பால் கொடுக்கப் பார்த்தாள், குழந்தை குடிக்கவில்லை. பால் அவள் சட்டையெல்லாம் நனைந்து ஒழுகிக்கொண்டிருந்தது. நான் அந்தச் சட்டையை ஆஸ்பத்திரிக் குழாயில் துவைத்தேன். துவைத்துத் திரும்பியபோது டாக்டர் அக்காவின் தோளில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். சட்டையைப் பிழிய மறந்துவிட்டேன். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. யாரோ ஒரு அம்மா, "எங்க பாய்ல சொட்டுது தங்கச்சி, அந்தாண்ட நில்லு" என்றாள். நான் அந்தாண்டை போய் நின்றேன்.

தச்சர் ஏற்கெனவே செய்து வைத்திருந்ததில் ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தார். வீட்டின் முன்னால், தாத்தா கல்லறைக்குப் பக்கத்தில் புதைத்தோம். கடற்கரையிலிருந்து வெள்ளைப் பவளத் துண்டுகளைக் கூடையில் பொறுக்கி வந்து அம்மா மேலே பரப்பினாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் பாயில் உட்கார்ந்து கோக்கோ குடித்தார்கள். அண்ணி உள்ளே படுத்திருந்தாள். தட்டிக்கு இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்கும்.

"பாவம், அவ ஊசி போட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதோ என்னவோ" என்றாள் திரேசா.

"வாயக் கழுவு" என்றாள் சலோமே. "வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு எப்படிடி போடுவா? நர்ஸே முடியாதுன்னுட்டாங்க. நான் அங்கதானே இருந்தேன்."

"அது சரி. அது சரி."

எசெத்தா அக்கா எழுந்து உள்ளே போய், காய்ச்சலில் சிக்குப் பிடித்திருந்த அண்ணியின் தலையை மடியில் வைத்து, எண்ணெய் தடவிச் சீவிவிட்டாள். அண்ணியின் கண் திறந்தே இருந்தது. முடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. அக்கா அதைச் சுருட்டிச் சுருட்டிப் பக்கத்தில் வைத்தாள்.

"உன் வயித்துல இருக்கறதாவது நல்லபடியா வரட்டும் லனு" என்றாள் அக்கா. "அதுக்கும் ரூத்தான்னே பேர் வைக்கலாம்."

அதிலிருந்து வீட்டில் எல்லோரும் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடந்தார்கள். அம்மா சாப்பிட்டதே அதற்காகத்தான். அடுத்த மாதமும் நான் செம்பருத்திக்குப் பின்னால் துணி காயவைத்தேன்.

வயிறு தெரிய வேண்டிய நாள் வந்தும் அண்ணிக்குத் தெரியவில்லை. ஒரு காலை, அம்மா அண்ணியின் எதிரில் வந்து உட்கார்ந்தாள். நான் கோக்கோவுக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன்.

"லனு, என்னப் பாரு. அதுவும் போயிடுச்சா?"

அண்ணி பார்க்கவில்லை. தலையைக் குனிந்தாள். இன்னும் குனிந்தாள். நெற்றி பாயில் பட்டது.

அம்மா அதைப் பதிலாக எடுத்துக்கொண்டாள். "காய்ச்சல்லயே போயிருக்கும். ரேடியோவுலயே சொன்னாங்க, இந்தக் காய்ச்சல் கர்ப்பத்தக் கலைச்சிடும்னு. எல்லாத்தையும் ஒத்தையிலயே தாங்கினியாடி?" என்று அவள் முதுகில் கையை வைத்தாள். கை அங்கேயே இருந்தது. அண்ணி அப்போது சொல்லியிருக்கலாம். நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். புகை நிறைய வந்தது.

சாயங்காலம் பெலேத்தி அண்ணன் ரூத்தாவின் பக்கத்தில் அதற்கும் ஒரு சின்ன மண்மேடு போட்டான். உள்ளே எதுவும் இல்லை. அம்மா இன்னொரு கூடை பவளத் துண்டுகள் பொறுக்கி வந்து அதன் மேலும் பரப்பினாள். இரண்டும் ஒரே அளவுதான். அண்ணி தினமும் சாயங்காலம் தென்னங்கீற்று விளக்குமாற்றை எடுத்து இரண்டையும் சுற்றிப் பெருக்குவாள். இரண்டையும் ஒரே மாதிரிதான் பெருக்குவாள்.

காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்குப் புதுப் பயம் பிடித்தது. ஊசிக்குத் தப்பினாலும் அம்மை வந்துவிட்டது. அம்மையே உள்ளே எல்லாவற்றையும் காயவைத்திருக்குமோ என்று. ஒரு நாள் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். நர்ஸ் மாலியா அவளை உட்காரவைத்து நன்றாகத்தான் பேசினார்.

"யாருடி இதெல்லாம் சொல்றது? ஊசியும் காயவைக்காது, அம்மையும் காயவைக்காது. ஊசி போட்டா ஒரு மாசம் கர்ப்பம் வேணாம்னு சொல்றது, உண்டாகிற புள்ளைக்கு ஒரு ஜாக்கிரதைக்கு. உன் கர்ப்பப்பைக்காக இல்ல. கர்ப்பமா இருக்கும்போது அம்மை வந்தா அந்தக் கர்ப்பம் கலையலாம். உனக்கு அப்படித்தான் ஆயிருக்கு. அதுக்கப்புறம் தடை ஒண்ணும் கெடையாது."

"அப்ப ஏன் எனக்கு இன்னும் ஆகல?"

"ஒரு தடவ ஆச்சு இல்ல? அப்ப உனக்கும் உன் புருஷனுக்கும் கோளாறு ஒண்ணும் இல்லன்னுதான் அர்த்தம். ஆகாதவங்களுக்குத்தான் பரிசோதனை. மனசுல போட்டுக் கொழப்பிக்காத. தானா வரும்."

அண்ணி வாயைத் திறந்தாள். பின்னால் வரிசையில் சலோமே கைக்குழந்தையோடு தன் மருமகளை உட்காரவைத்துக் காத்திருந்தாள். அண்ணி வாயை மூடிக்கொண்டு, "சரிங்க" என்று எழுந்துவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் பாட்டு அலறியது. இறங்கும்போது அண்ணி சொன்னாள்: "பாத்தியா லூபே? எனக்கு ஒண்ணுமே இல்லியாம்."

அப்படியே ஒன்றரை வருடத்துக்கு மேல் போனது. அண்ணிக்கு ஆகவில்லை. அம்மா ஜெபத்தில் பழைய வரியை மறுபடி சேர்த்துக்கொண்டாள். ரூத்தா என்று பேர் வைக்க இருந்த குழந்தைக்காக எடுத்துவைத்த சின்னச் சட்டைகளை எசெத்தா அக்கா யாருக்கும் கொடுக்கவில்லை. அண்ணி மறுபடி கிளினிக்குக்குப் போனாள். வேறு நர்ஸ் இருந்தார். பழைய அட்டையைப் பார்த்துவிட்டு, ஒரு தடவை உண்டாகிக் கலைந்தது என்று அதில் இருந்ததால், அதையேதான் சொன்னார். ஒரு தடவை ஆச்சே.

பிறகு, வெளியூர்களில் பரவிக்கொண்டிருந்த புதுக் காய்ச்சலுக்கு ஊசி வந்தது. மறுபடியும் கடைகளை மூடச் சொன்னார்கள். மறுபடியும் சிவப்புத் துணி. திரேசாவிடம் மறுபடியும் வீடியோ இருந்தது. இந்தத் தடவை அழுதது வேறு ஒரு பெண்.

அன்று காலை நான் எழுந்தபோது அண்ணி ஏற்கெனவே முன் தூணில் துணி கட்டிக்கொண்டிருந்தாள். பெலேத்தி அண்ணனின் அதே லவலவாதான். வெளுத்து இளஞ்சிவப்பாகப் போயிருந்தது.

"என்ன லனு, கட்டணுமா? நர்ஸுங்க எப்படியும் வருவாங்களே" என்றாள் அம்மா.

"கட்டறேன் அத்தை" என்றாள் அண்ணி. முடிச்சை இரண்டு தடவை போட்டாள்.

நர்ஸ் மாலியாதான் வந்தார். சலோமேயும் வந்தாள், முன்பைவிடப் பெரிய விசிறியோடு. அம்மா சீமைப்பலா உரித்துக்கொண்டிருந்தாள். எசெத்தா அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா கையை நீட்டினாள், அக்கா நீட்டினாள், நான் நீட்டினேன். அண்ணி கடைசியில் வந்து உட்கார்ந்து, கேட்பதற்கு முன்னாலேயே சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டாள்.

"கர்ப்பமா இருக்கியா?" என்றார் நர்ஸ். கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார். "கேட்டாகணும் கண்ணு. அதுக்காகத்தான்."

"இல்ல" என்றாள் அண்ணி. "அன்னைக்கும் இல்ல."

"என்னைக்கு?"

"முன்ன நீங்க வந்தப்ப. செவப்புத் துணி காஞ்சிட்டு இருந்தப்ப. வயித்துல ஒண்ணும் இல்ல. ஊசி போட்டா எனக்குப் புள்ளையே பொறக்காதுன்னு பயந்து ஆமான்னு சொல்லிட்டேன். எனக்கு ஒரு தடவ கூட ஆனதில்ல. அட்டையில அத அடிச்சிடுங்க."

சலோமேயின் விசிறி நின்றது. அம்மாவின் கத்தி சீமைப்பலாவில் பாதி இறங்கி அப்படியே இருந்தது. எசெத்தா அக்கா மடித்துக்கொண்டிருந்த துணியை முழங்காலில் வைத்து, அதன் சுருக்கங்களை உள்ளங்கையால் நீவினாள். நீவி முடித்த துணியை மறுபடி நீவினாள்.

"அப்போ ஊசி போட்டிருக்கலாம்" என்றாள் அக்கா. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

"போட்டிருக்கலாம்" என்றாள் அண்ணி.

அக்கா துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

நர்ஸ் மாலியா கொஞ்ச நேரம் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஊசி போடுவதற்குப் பிடித்தாரா, சும்மா பிடித்தாரா என்று தெரியவில்லை. பிறகு போட்டார். பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னார்.

"செவ்வாய்க்கெழமை நகரத்துல கொழந்த ஆகாதவங்களுக்குன்னு ஒரு டாக்டரம்மா உக்காருவாங்க. நான் எழுதித் தரேன். இதுக்கு முன்ன எழுதினது தப்புன்னும் எழுதறேன். போ. உன் புருஷனையும் கூட்டிட்டுப் போ. அவனையும் பாக்கணும்."

"அவனையுமா?" என்றாள் சலோமே.

"அவனையும்தான். உங்களுக்கெல்லாம் பொம்பள வயிறு ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியும்" என்றார் நர்ஸ். வேன் கிளம்பிப் போனது.

அம்மா சீமைப்பலாவை உரித்து முடித்தாள். துண்டு போட்டு, அடுப்பில் வைத்தாள். கையைக் கழுவினாள். அப்புறம் முன்பக்கம் போய், இரண்டாவது மேட்டின் பக்கத்தில் மண்டியிட்டு, பவளத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ரூத்தாவின் மேல் வைக்க ஆரம்பித்தாள். அவசரப்படவில்லை. சில துண்டுகளில் பாசி பிடித்திருந்தது. அவற்றைத் தன் லவலவாவில் துடைத்து வைத்தாள். அண்ணி போய் எதிர்ப்பக்கம் மண்டியிட்டாள். அம்மா அவளைப் போகச் சொல்லவில்லை. இரண்டு பேரும் எடுத்து எடுத்து வைத்தார்கள். கடைசியில் அந்த இடத்தில் கொஞ்சம் மண் மட்டும் இருந்தது. கோழி ஒன்று வந்து அதைக் கிளறியது. அண்ணி அதை விரட்டவில்லை.

பெலேத்தி அண்ணன் தோட்டத்திலிருந்து வந்து அந்த இடத்தைப் பார்த்தான். அம்மாதான் சொன்னாள். அவன் படியில் உட்கார்ந்து காலிலிருந்த சேற்றை ஈர்க்குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான். அண்ணி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றான்.

"சொன்னா நீ அழுதிருப்ப."

"அழுதிருப்பேன்" என்றான். தண்ணீரைக் குடித்தான்.

"செவ்வாய்க்கெழமை உன்னையும் பாக்கணுமாம்."

"வரேன்."

எசெத்தா அக்கா அந்த நாட்களில் அண்ணியோடு பேசவில்லை. ஒரே அடுப்பில் சமைத்தோம், ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம். உப்பு வேண்டும் என்றால்கூட என்னிடம்தான் கேட்டாள், உப்பு அண்ணியின் பக்கத்திலேயே இருந்தாலும். அண்ணி உப்பை எடுத்து என்னிடம் கொடுப்பாள், நான் அக்காவிடம் கொடுப்பேன். யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று தோன்றியது. ஆனால் தோன்றியதோடு சரி, நான் உப்பைக் கைமாற்றிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அண்ணனும் அண்ணியும் தேவாலய உடையை உடுத்திக்கொண்டு சாலையோரம் பஸ்ஸுக்கு நின்றார்கள். நர்ஸ் எழுதிக் கொடுத்ததை அண்ணி விசிறிக்குள் மடித்து வைத்திருந்தாள். பஸ் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டபோது எசெத்தா அக்கா பின்பக்கத்திலிருந்து வேகமாக நடந்து வந்தாள். கையில் வாழை இலையில் சுற்றிய சுட்ட சேப்பங்கிழங்கு இருந்தது, இன்னும் ஆவி பறந்தது. அண்ணி கையை நீட்டினாள்.

அக்கா அதை அண்ணனின் கையில் வைத்தாள்.

"நகரத்துல வரிசை பெருசா இருக்கும்" என்று அவனிடம் சொன்னாள். "ரெண்டு பேரும் தின்னுங்க."